கழுவிய சோளம்

முதலில் கோழிக்குப் போட்டுப் பார்த்தேன். கோழி சாகவில்லை. பிறகு நானே தின்று ஏழு நாள் பார்த்தேன். நானும் சாகவில்லை. அதற்கப்புறம்தான் என் மகனுக்குக் கொடுத்தேன். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். காளியாயி புத்தி கெட்டவள், பசியில் கண்ணை மூடிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு நஞ்சு வைத்தவள் என்று லயத்தில் பேசுகிறார்களே, அவர்களில் ஒருத்தியாவது என்னளவுக்கு யோசித்திருப்பாளா? வரட்டும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

இது எழுபத்து நான்காம் வருடம். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கூப்பன் அரிசியும் மாவும் பாதியாகக் குறைந்துவிட்டன. அந்தப் பாதியும் ஒரு வாரம் வரும், மறுவாரம் வராது. என் புருசன் ஆண்டியப்பன், வன்னியில் வயல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொங்கல் கழிந்த கையோடு போனவர். இன்றுவரை ஒரு கடிதம் இல்லை. வரிசையாகக் கட்டிய லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நாங்கள் மூன்று பேர். நான், பெரியவள் ராக்காயி, சின்னவன் அழகுமுத்து. ராக்காயிக்குப் பதின்மூன்று, அப்போதுதான் வயசுக்கு வந்திருந்தாள். அழகுமுத்துவுக்கு ஐந்து.

காட்டுச் சேம்பை அவித்துத் தின்றோம். தொண்டை அரித்தது. தண்ணீர் ஓடுகிற கானோரத்துக் கீரைக்கு, பொம்பளைகள் ஒருத்தி மயிரை ஒருத்தி பிடித்துச் சண்டை போட்டோம். நானும் போட்டேன், வெட்கமில்லை. பங்குனி முடிவதற்குள் எங்கள் லயத்தில் மட்டும் மூன்று சாவு. அழகுமுத்துவுக்கு வயிறு முன்னே தள்ளி, தலைமயிர் செம்பட்டையாகிவிட்டது. எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் காம்பராவின் முன்பக்கத்து இஸ்தோப்பில் சாக்கைப் போட்டுப் படுத்தே கிடப்பான். 'அம்மா, ரொட்டி' என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டான். பிள்ளை கேட்பதை நிறுத்தினால் தாய்க்கு எப்படி இருக்கும் என்று வயிறு நிறைந்தவர்களுக்குச் சொன்னால் புரியாது. அவன் சாகக் கூடாது. எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான்.

அந்தச் சமயத்தில்தான் விதை வந்தது.

காலையில் பெரட்டுக் களத்தில் நாங்கள் பெயர் கொடுக்க நின்றபோது, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஞானரட்ணம் ஐயா ஐந்தாறு மூட்டைகளை இறக்கி வைத்துக்கொண்டு நின்றார். ஒரு மூட்டையை அவிழ்த்து ஒரு கை அள்ளிக் காட்டினார். சோளம். ஆனால் மஞ்சளாக இல்லை. கல்யாண வீட்டு லட்டுக்குப் போடுகிற சாயம் மாதிரி ரோஸ் நிறம்.

"இந்தா பாருங்க, இது ஆராய்ச்சியில செஞ்ச புதுச் சோளம். ரெண்டு சாதியைச் சேத்து உண்டாக்குனது. மூணு மடங்கு வெளையும். ஆளுக்கு ரெண்டு கொத்து. லயத்துக்குப் பின்னால கொத்தி நடணும், நான் வந்து பாப்பேன். இன்னொண்ணு, இதுல வெதை எடுத்து வச்சு அடுத்த வருசம் நட்டா இப்படி வெளையாது. திரும்பப் புதுசாத்தான் வாங்கணும். அப்பறம், வெதைக்கு மருந்து போட்டிருக்கு. யாரும் தின்னுப்புடாதீங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, மூட்டையைத்தான் பார்த்தார். நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? துரை பங்களா பேரி மரத்தில் 'மருந்து அடித்திருக்கிறது, தொடாதே' என்று வருடா வருடம் பலகை தொங்கும். வருடா வருடம் பிள்ளைகள் களவாகப் பறித்துத் தின்பார்கள். ஒருத்தனுக்கும் ஒரு வயிற்றுவலிகூட வந்ததில்லை. எங்களை ஒன்றைத் தொடவிடாமல் பண்ண வேண்டுமானால் மருந்து என்று சொல்வார்கள். பிறந்ததிலிருந்து கேட்டுப் புளித்த பேச்சு.

பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குடம் பிடிக்கும்போது பக்கத்துக் காம்பரா வீரம்மா ஆரம்பித்தாள்.

"கேட்டீங்களாடி, கண்டாக்கு சொன்னதை? அதுல வெதை எடுத்தா வெளங்காதாம். தானே வம்சம் வைக்காத வெதை. அதைத் தின்னா பொம்பளை வயித்துல என்னாத்தத் தங்கும்? போன வருசம் லொறியில ஏத்திக்கிட்டுப் போயி புள்ளை தங்காம ஆபரேசன் பண்ணுனாங்க. இந்த வருசம் மூட்டையில கட்டி வீட்டுக்கே அனுப்புறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. வீரம்மாவின் மூத்த மகள் அந்த லொறியில் போனவள். ஏதோ காய்ச்சலுக்கு ஊசி என்று நினைத்துக் கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைத்துவிட்டு வந்தவள். ஒரே பிள்ளையோடு அவளுக்குக் கதவு அடைத்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பேச்சை எப்படித் தள்ள முடியும்? நானும் நம்பினேன்.

கண்டாக்கு வந்து பார்ப்பார் என்பதற்காக எல்லாரும் பேருக்கு நாலு வரிசை நட்டார்கள். மிச்சத்தை வீட்டில் வைக்கவே பயந்தார்கள். வீரம்மா தன்னிடம் மிஞ்சியதைக் கொண்டுவந்து என் சுளகில் கொட்டினாள்.

"எனக்குக் கட்டிக் குடுக்க இன்னும் ரெண்டு கொமரு இருக்கு. நீ எங்கயாச்சும் நட்டுத் தொலை, காளியாயி."

அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கொண்டுவந்து கொட்டினார்கள். என் காம்பராவில் எட்டுக் கொத்துச் சோளம் சேர்ந்துவிட்டது. அந்த வருடம் எங்கள் லயத்தில் அவ்வளவு தானியம் வேறு யார் வீட்டிலும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் யோசித்தேன். விளைந்து வர ஐந்து மாதமாகும். அழகுமுத்துவுக்கு ஐந்து வாரம்கூட இல்லை. அது ஒரு பக்கம். மறுபக்கம் இரண்டு பயம். ஒன்று, வயிற்றில் வம்சம் தங்காது என்பது. அழகுமுத்து ஆம்பளைப் பிள்ளை, அவனுக்கு அந்தப் பயம் இல்லை. எனக்கு இனி எதற்குப் பிள்ளை? ராக்காயிக்குத்தான் ஆகாது. அவளுக்கு ஒரு பருக்கை கொடுக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்று அந்த மருந்து. அதற்கும் எனக்குக் கணக்குத் தெரியும் என்று நினைத்தேன். பதினெட்டு வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். கொழுந்தில் கொப்புளம் விழுந்தால் ஆம்பளைகள் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்து அடிப்பார்கள். இலையெல்லாம் நீலம் பூத்து நிற்கும். அப்போது கங்காணி எங்களை அந்த மலைக்கு விடமாட்டார். 'ஒரு நல்ல மழை பேயட்டும், கழுவிட்டுப் போயிரும்' என்பார். மழை பெய்யும். நீலம் போய்விடும். ஏழு நாள் கழித்து அதே மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்போம். அது ஸ்டோருக்குப் போய்த் தேயிலையாகி, சீமையில் இருக்கிறவர்கள் எல்லாரும் குடிக்கிறார்கள். செத்தா போனார்கள்? மருந்து என்றால் மேலே இருப்பது, தண்ணீர் பட்டால் போய்விடுவது. கொஞ்சம் இருந்தாலும் ஏழு நாளில் தெரிந்துவிடும். எங்களுக்குக் கங்காணி சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான், பாவி நான் அதையே வேதமாக எடுத்துக்கொண்டேன்.

பீலியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சோளத்தைக் கழுவினேன். ரோஸ் தண்ணீர் கானில் ஓடியது. ஆறு தடவை, ஏழு தடவை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் தண்ணீர் சுத்தமாக வந்தது. சோளமும் நல்ல மஞ்சளாக, வாயில் போட்டு மெல்லலாம் போலிருந்தது. ஒரு பிடியை எடுத்து வீரம்மாவின் கோழிக்கு இறைத்தேன். என்னிடம் ஏது கோழி? மூன்று நாள் அந்தக் கோழியை ஒட்டிக்கொண்டே திரிந்தேன். அது பாட்டுக்குக் குப்பையைக் கிளறியது. பிறகு ஒரு பிடியை அம்மியில் உடைத்துக் கஞ்சி காய்ச்சி நான் குடித்தேன். ஏழு நாள் குடித்தேன். வாந்தியில்லை, பேதியில்லை. சொல்லப்போனால் மலையேறும்போது காலில் தெம்பு வந்தது.

எட்டாம் நாள் காலை அழகுமுத்துவை மடியில் போட்டுக்கொண்டு, கஞ்சியை ஊதி ஊதி அவன் வாயில் ஊற்றினேன்.

அவன் பிழைத்துவிட்டான். அப்படித்தான் நான் நினைத்தேன். ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தான். இரண்டாம் வாரம் சுவரைப் பிடித்து நின்றான். மூன்றாம் வாரம் கானுக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் ஒளிந்துகொண்டு, 'அம்மா, என்னயப் பிடி' என்றான். ஐயோ, அந்தக் குரலைக் கேட்ட அன்று நான் மாரியம்மன் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டேன். என் பங்குக் கஞ்சியையும் அவனுக்கே ஊற்ற ஆரம்பித்தேன். என் தங்கம் குடிக்கட்டும், நான் கீரையைத் தின்று கிடக்கிறேன் என்று.

ராக்காயிக்குக் கஞ்சி இல்லை. கீரையும் சேம்பும்தான். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். "எனக்கு மட்டும் ஏம்மா இல்ல?" என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். "எனக்குப் பிள்ளையே வேணாம், கஞ்சி குடு" என்றாள். ஒரு நாள் நான் மலையிலிருந்து வரும்போது, சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைக்கப் போனாள். ஓடிப்போய் ஓங்கி ஓர் அறை விட்டேன். சட்டி விழுந்து உடைந்தது. காது சிவந்து அவள் மூலையில் போய் உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை. இந்த வருடம் முழுக்க நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த அறை. அதையும் தப்பான காரணத்துக்காகச் செய்தேன்.

வைகாசி மழை ஆரம்பித்தபோது என் விரல் நுனிகள் மரத்தன. கொழுந்தைக் கிள்ளினால் கிள்ளியது தெரியாது. குளிர் என்று நினைத்தேன். உதடும் மரத்தது. அதையும் குளிர் என்றே நினைத்தேன்.

கஞ்சி கொடுக்கத் தொடங்கி முப்பத்தோராம் நாள், அழகுமுத்து இஸ்தோப்பிலிருந்து இறங்கும்போது தடுமாறினான். விழவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, சுதாரித்து நின்றான். "என்னாடா, சம்பளத்தன்னைக்கு ஒங்கப்பன் வர்ற மாதிரி வர்ற?" என்று வீரம்மா கேலி செய்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேன், தெரியுமா!

அடுத்த நாள் இரண்டு தடவை விழுந்தான். மூன்றாம் நாள் கரண்டி வாய்க்குப் போகாமல் கன்னத்தில் இடித்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. பிள்ளைக்கு மறுபடி பலகீனம் வந்துவிட்டது என்று நான் என்ன செய்தேன்? கஞ்சியைக் கூட்டினேன். காலையில் ஒரு கோப்பை கொடுத்தவள் மத்தியானமும் ஒன்று கொடுத்தேன். குடிக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினவனை மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சிங்கள டொக்டர், சின்ன வயசு, நல்ல மனுசன். அவர் கேட்பதை டக்ளஸ் என்ற அட்டெண்டன்ட் தமிழில் கேட்டார்.

"புள்ளைக்கு என்னம்மா சாப்பிடக் குடுத்தீங்க?"

"ரொட்டிதானுங்க. கீரைங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லைங்க."

விதையைத் தின்றோம் என்று சொன்னால் தோட்டத்துக்குத் தெரியும், பேரை வெட்டுவார்கள், லயத்தை விட்டுத் துரத்துவார்கள் என்று பயம். மூன்று நாள் அதே பொய்யைச் சொன்னேன். நாலாம் நாள் அந்த டொக்டர் என் கையைப் பிடித்து ஊசியால் விரல் நுனியைக் குத்தினார். எனக்குத் தெரியவில்லை. இரத்தம் வந்தது, வலி வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். கழுவினேன் சாமி, ஏழு தடவை கழுவினேன் என்று கத்தினேன்.

டொக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மெதுவாகச் சொன்னதை டக்ளஸ் என்னிடம் சொன்னார்.

"கழுவுனா கலர்தாம்மா போகும். மருந்து போகாது. அது ஒடனே காட்டாது, ஒரு மாசம் ஒடம்புக்குள்ளயே இருந்துதான் காட்டும். நீங்க கொஞ்சமாக் குடிச்சீங்க, தப்பிச்சுட்டீங்க. சின்ன ஒடம்பு, ரொம்பக் குடிச்சிருக்கான்."

அப்போதும் நான் கேட்டேன்: "அது புதுச் சாதி வெதைங்கிறதாலயாய்யா?"

"சாதிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. வெதை நல்ல வெதைதான். பூச்சி அரிக்காம இருக்க மேல பூசுனதுதான் எமன். செடியில காய்க்கிற சோளத்துல ஒண்ணும் இருக்காது. தாராளமாத் திங்கலாம். வயித்துக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு டொக்டர் சொல்றாரு."

அழகுமுத்து ஆனி மாதம் பதினோராம் தேதி போனான். கடைசி நாலு நாள் கண் தெரியாமல் கையை மட்டும் துழாவிக்கொண்டே இருந்தான். நான் விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான். அவன் பிடிப்பது எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

லயத்துக்குத் திரும்பி வந்தால் கதை முடிந்திருந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல, ரெண்டு சாதியைக் கலந்தா சும்மா விடுமா?" என்று வீரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அவளில் தொடங்கி எல்லாரும் இடுப்பளவு வளர்ந்து நின்ற சோளத்தைப் பிடுங்கிக் கானில் போட்டார்கள். அடியே, அதில் ஒன்றுமில்லையடி, டொக்டர் சொன்னார், பசிக்குச் சாப்பாடுடி என்று லயம் லயமாக ஓடிச் சொன்னேன். யார் கேட்பார்கள்? பிள்ளையைக் கொன்றவள் வந்து இதைத் தின்னுங்கள் என்றால் யார்தான் கேட்பார்கள்? மிஞ்சிய மருந்து விதையைச் சாக்கில் கட்டி வைத்திருந்த ஒரு வீட்டில் மட்டும், அதைக் குழி வெட்டிப் புதைக்க வைத்தேன். அதுவரைக்கும்தான் என் பேச்சு எடுபட்டது.

என் நாலு வரிசையைப் பிடுங்க எனக்குக் கையில் வலுவில்லை. அதனால் அது நின்றது. மூன்று மடங்கு என்று கண்டாக்கு சொன்னது பொய்யில்லை. ஆவணிக் கடைசியில் ஒவ்வொரு தட்டையிலும் இரண்டு கதிர், என் முழங்கை நீளத்துக்கு. உரித்தால் மஞ்சள், சுத்த மஞ்சள். உள்ளே ராக்காயி படுத்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினால் பள்ளம் அப்படியே நின்றது. நான் கஞ்சி கொடுக்காமல் காப்பாற்றிய மகள், கஞ்சி இல்லாமல் போய்க்கொண்டிருந்தாள்.

பத்து நாள் நான் அந்தக் கதிர்களைத் தொடவில்லை. டொக்டர் சொன்னது காதில் இருந்தது. அழகுமுத்து வாயைத் திறந்தது கண்ணில் இருந்தது. தின்று பார்க்கலாம் என்றால், ஏற்கெனவே மரத்துப்போன உடம்பு எதைக் காட்டும்? இனி எனக்கு என் உடம்பும் சாட்சி இல்லை. பத்தாம் நாள் ராக்காயி எழுந்து வெளியே போக முடியாமல் பாயிலேயே நனைத்துவிட்டாள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. போய் ஒரு கதிரை ஒடித்துவந்து அவித்தேன்.

முத்துகளை உதிர்த்துத் தட்டில் போட்டு, ஆவி பறக்க அவளருகில் உட்கார்ந்தேன். ஒரு பிடியை எடுத்து ஊதினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கும் இப்படித்தாம்மா ஊதி ஊதிக் குடுத்த."

என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். டக்ளஸ் சொன்னதைச் சொன்னேன். சத்தியம் பண்ணப் போனேன், எந்தத் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவது என்று தெரியவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "தின்னு தாயி, ஒன்னயக் கெஞ்சிக் கேக்குறேன், தின்னு" என்று அழுதேன்.

ராக்காயி என் கையிலிருந்து வாங்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்து, தானே எடுத்து ஒவ்வொரு முத்தாகத் தின்றாள். கடைசி முத்துவரை தின்றாள். தின்று முடித்துத் தட்டைத் தள்ளிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் இரண்டு கதிர் அவிக்கிறேன். கால் வீக்கம் வற்றுகிறது. நேற்று எழுந்து பீலிவரை தானே நடந்து போனாள். நான் பின்னாலேயே போனேன். கானோரத்துக் கல்லில் அவள் வைக்கிற ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டு போனேன். பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பினாள். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றேன். அவளுக்குத் தெரியும், சும்மா இல்லை என்று.

இன்றோடு பத்து நாள். அந்த முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது.